பழைய பியானோ ரோலில் ரேக்டைம் கேட்பது எப்படி: மாட்டுவது முதல் பெட்டியில் வைப்பது வரை

துளையிட்ட காகித ரோலை மாட்டி மிதித்தால் தானே வாசிக்கும் பழைய பிளேயர் பியானோ ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கூடவே வந்த ரோல் பெட்டிகளில் ஆகப் பழையது எது என்று தேடி எடுப்பார்கள். மாட்டுவார்கள். வேகவேகமாக மிதிப்பார்கள். வேகத்தை அளந்து பார்க்காததால் பாட்டு தலைதெறிக்க ஓடும், நடுவே சில சுரங்கள் விழாது, திருப்பிச் சுற்றும்போது காகிதம் ஓரத்தில் கிழியும். நூறு வருடம் தாங்கிய ரோல் ஒரே மாலையில் போய்விடும்.

என் வீட்டுப் பியானோவில் மிதித்துப் பார்க்க வந்த பலரிடம் இதைப் பார்த்துவிட்டேன். என் முதல் ரோலும் அப்படித்தான் போனது. அதனால்தான் இந்த வரிசை: முதலில் பியானோ, அப்புறம் வேகம், அப்புறம் ரோல், கடைசியில் காது. முந்தையதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனால், காதில் விழுவது பாட்டா பியானோவின் கோளாறா என்று பிரித்தறிய முடியாது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் காரணங்கள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. மிதிக்கும்போது துருத்திகள் காற்றை உறிஞ்சுகின்றன. ஆர்மோனியத் துருத்தி காற்றைத் தள்ளும், இது இழுக்கும். துளையிட்ட காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டையின்மேல் நகர்கிறது. அதற்கு டிராக்கர் பார் என்று பெயர். காகிதத்தின் துளை பட்டையின் துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, குழாய் வழியாகப் போய், மெல்லிய தோல் பை ஒன்றைத் தூக்கும். அது ஒரு வால்வைத் திறக்கும். அந்தச் சுரத்துக்கான சிறு துருத்தி சுருங்கி, சுத்தியலைத் தள்ளும். ஜக்கார்டு தறியில் துளை அட்டை நூலைத் தூக்குவதுபோல, இங்கே துளைக் காகிதம் சுத்தியலைத் தூக்குகிறது.

## 1. முன்கூட்டியே வேண்டியவை

பியானோ சுருதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ரேக்டைம், அதாவது 1890-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து எழுந்த துள்ளல் தாளப் பியானோ இசை, என்றால் சுருதி கலைந்த மதுக்கடைப் பியானோதான் என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். சுருதி சரியில்லை என்றால் இடக்கையின் கீழ்ச்சுரங்கள் ஒரே குழப்பமாகக் கேட்கும். ரேக்டைமுக்கு அந்த இடக்கைதான் தூண்.

அப்புறம் இவை: ஒரு சோதனை ரோல் (88 சுரங்களையும் ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்யும் ரோல்), விலை குறைந்த மறுபதிப்பு ரோல் ஒன்று, டிராக்கர் பாரைச் சுத்தம் செய்யும் கைப்பம்பு, மென்மையான தூரிகை, டார்ச், அளவு நாடா, கைபேசியில் நிறுத்துக்கடிகாரம், ஆவணங்களை ஒட்டுவதற்கென்றே வரும் அமிலமில்லாத காகித நாடா.

மறுபதிப்பு ரோல் கட்டாயம். பழைய ரோலைப் பார்த்துப் புதுக் காகிதத்தில் வெட்டிய பிரதி அது. இசை அதேதான், காகிதம் மட்டும் திடமானது. உங்கள் கால் பழகும்வரை எல்லாத் தவறுகளையும் இதில் செய்யுங்கள்.

பியானோ இல்லாதவர்கள் போய்க் கேட்க இடங்கள் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், டெல்மார் சாலையில் ரேக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் குடியிருந்த வீட்டை மிசூரி மாநிலம் பாதுகாக்கிறது. அங்கே பழைய பிளேயர் பியானோவில் ரோல்கள் ஓடக் கேட்கலாம். லண்டன் பிரென்ட்ஃபோர்டில் உள்ள மியூசிக்கல் மியூசியம், ஆம்ஸ்டர்டாமின் பியானோலா மியூசியம் இரண்டும் இந்தக் கருவிகளுக்காகவே இருப்பவை. பதிவு செய்த ஒலியாகக் கேட்பவர்களுக்கு 3-ஆம், 7-ஆம், 9-ஆம் பகுதிகள் போதும்.

## 2. ரோல் மாட்டும் முன் பியானோவின் மூச்சைப் பாருங்கள்

ரோல் இல்லாமல், லீவர் ‘பிளே’ (வாசிக்கும்) நிலையில் இருக்கும்போது மிதிக்காதீர்கள். பட்டையின் 88 துளைகளும் திறந்து கிடப்பதால் பியானோ எல்லாச் சுரங்களையும் ஒரே நேரத்தில் அடிக்கப் பார்க்கும். முதல் தடவை அந்த ஓசை கேட்டால் பின்னால் நகர்ந்துவிடுவீர்கள். பழைய தோலுக்கும் துணிக்கும் அது வீண் சுமை.

மறுபதிப்பு ரோலின் முகப்பில் துளையில்லாத வெற்றுக் காகிதம் இருக்கும். அது பட்டை முழுவதையும் மூடும்படி மாட்டி, காகித வேகத்தை மாற்றும் டெம்போ லீவரைப் பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது ‘பிளே’யில் நாலைந்து தடவை மிதியுங்கள். மிதி இறுகி, காலைத் திருப்பித் தள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் அந்த இறுக்கம் சில விநாடிகளாவது நிற்க வேண்டும்.

ஒவ்வொரு மிதிக்கும் மிதி தொளதொளவென்று கீழே போனால் எங்கோ காற்று கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. லீவரை ‘ரீரோல்’ (திருப்பிச் சுற்றும்) நிலைக்கு மாற்றி மிதியுங்கள். அந்த நிலையில் மேல்பகுதிக்கு, அதாவது சுரங்களுக்கான வால்வுகளும் சிறு துருத்திகளும் இருக்கும் அடுக்குக்கு, உறிஞ்சல் போகாது. ரீரோலில் மிதி இறுக்கமாகவும் பிளேயில் தொளதொளவென்றும் இருந்தால் கசிவு மேல் அடுக்கில். இரண்டிலும் தொளதொளப்பு என்றால் கீழே உள்ள பெரிய துருத்திகளின் துணி போய்விட்டது, அல்லது ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றன.

கசிகிற பியானோவில் ரோல் கேட்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கசிவை ஈடுகட்ட வேகமாக மிதிப்பீர்கள், காற்றழுத்தம் ஏறி இறங்கும், சத்தம் உங்கள் கட்டுக்குள் நிற்காது. துருத்தித் துணி மாற்றுவது தெரிந்தவர் செய்யும் வேலை. அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: பழையபடி வஜ்ஜிரப் பசையாலேயே ஒட்டட்டும். நவீனப் பசையால் ஒட்டியதை அடுத்த தடவை பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

மூச்சு சரியென்றால் டிராக்கர் பாரைச் சுத்தம் செய்யுங்கள். காகிதத்தூள் அந்தத் துளைகளில் அடைவதால்தான் பாதிச் சுரங்கள் விழாமல் போகின்றன. கைப்பம்பின் வாயைப் பட்டைமேல் பதித்து, கைப்பிடியை இழுத்துத் தூளை வெளியே உறிஞ்சுங்கள். சில துளைகளை மூடி இழுத்து, எடுத்து, அடுத்த சிலவற்றுக்கு நகருங்கள். வாயால் ஊதாதீர்கள். தூள் இன்னும் உள்ளே போய் வால்வில் உட்காரும், அப்புறம் அதை எடுக்க அடுக்கையே கழற்ற வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தோல் பைகள் வெங்காயச் சருகு போல மெல்லியவை.

கடைசியாகச் சோதனை ரோலை ஒரு தடவை ஓட்டி, விழாத சுரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பியானோமேலேயே இருக்கட்டும். பின்னால் ஒரு பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றும்போது, குறை ரோலிலா பியானோவிலா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

## 3. வேகத்தை அளந்து சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

ரோலின் முகப்பில் ‘டெம்போ 80’ என்று அச்சிட்டிருக்கும். நிமிடத்துக்கு 80 தாளம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது காகிதம் ஓடும் வேகம். 70 என்றால் நிமிடத்துக்கு 7 அடி, 80 என்றால் 8 அடி, 85 என்றால் எட்டரை அடி. மெட்ரோனோம் வைத்து இதைச் சரிபார்க்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

உங்கள் பியானோவின் லீவர் 80-ஐக் காட்டினால் காகிதம் உண்மையிலேயே 8 அடிதான் ஓடுகிறதா? நூறு வயதுப் பியானோவில் பெரும்பாலும் இல்லை. உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் சுருள்வில் தளர்ந்திருக்கும், அல்லது முன்பு யாரோ திருகி வைத்திருப்பார்கள்.

அளப்பது சுலபம். மறுபதிப்பு ரோலைத் தரையில் கொஞ்சம் விரித்து, இசை தொடங்கும் இடத்துக்கு அருகே ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். அங்கிருந்து 7 அடி அளந்து இன்னொரு கோடு. ரோலை மாட்டி, லீவரை 70-இல் வைத்து ஓட்டுங்கள். முதல் கோடு டிராக்கர் பாரைத் தொடும்போது கடிகாரத்தைத் தொடங்கி, இரண்டாவது கோடு தொடும்போது நிறுத்துங்கள். 60 விநாடி காட்ட வேண்டும்.

50 விநாடி காட்டினால் உங்கள் பியானோ 70 என்று சொல்லிக்கொண்டு 84-இல் ஓடுகிறது. கவர்னர் திருகைத் தொடத் தெரியாவிட்டால் தொட வேண்டாம். லீவர் எந்த இடத்தில் நின்றால் 60 விநாடி வருகிறது என்று பார்த்து, அங்கே ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டுங்கள். 80-க்கும் 90-க்கும் அதேபோல 8 அடி, 9 அடி அளந்து குறியுங்கள். அரை மணி நேர வேலை.

அளக்கும்போது கோடுகளை ரோலின் தொடக்கத்திலேயே போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காகிதம் கீழ்ச்சுருளில் சேரச் சேரச் சுருள் பருக்கிறது. சுருள் பருத்தால் ஒரு சுற்றுக்கு அதிகக் காகிதம் இழுபடும். அதனால் பாட்டு முடிவில் வேகம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். நீண்ட ரோல்களில் கடைசிப் பகுதிக்கு லீவரை ஒரு நூல் பின்னால் இழுப்பது தவறில்லை.

இவ்வளவு அக்கறை எதற்கு? ஸ்காட் ஜாப்ளின் தன் அச்சுப்பிரதிகள் பலவற்றில், இதை வேகமாக வாசிக்காதீர்கள், ரேக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதுமே சரியில்லை என்று அச்சிட்டே கொடுத்தார். ரேக்டைமின் சுகம், இடக்கை நடைபோடும்போது வலக்கை அதன் இடுக்குகளில் தட்டுவதில் இருக்கிறது. வேகம் கூடினால் இடுக்கு மறையும். ஏதோ துறுதுறுவென்று கேட்கும், அவ்வளவுதான்.

## 4. கையில் இருப்பது எந்த வகை ரோல்?

ரோல்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 11¼ அங்குல அகலம்கூடப் பல வகைகளுக்குப் பொது. ஆனால் எல்லாம் எல்லாப் பியானோவிலும் வாசிக்காது.

88 சுர ரோலில் அங்குலத்துக்கு 9 துளை வரிசை. 1908-இல் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி முடிவு செய்த அளவு இது. உங்கள் பியானோ பெரும்பாலும் இதற்கானதுதான்.

65 சுர ரோலில் அங்குலத்துக்கு 6. ரேக்டைமின் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நிறைய இந்த வகை. இதன் சுருளின் இரு முனைகளிலும் ஆணி போல ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். 88 ரோலின் முனை அப்படி இருக்காது. ஊசி முனையைக் கண்டால் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எப்படியாவது பொருத்தி ஓட்டினாலும் துளைகளின் இடைவெளி ஒத்துப்போகாததால் பாட்டு வராது. 65-க்கும் 88-க்கும் சேர்த்து இரட்டைத் துளைப்பட்டை கொண்ட பியானோக்கள் உண்டு. உங்களுடையது அப்படி என்றால் அதிர்ஷ்டம்.

காசு போட்டு வாசிக்கும் பியானோக்களுக்கான ரோல் இன்னொன்று. அங்குலத்துக்கு 6 துளை, ஒரே சுருளில் பத்துப் பாட்டு. கனமாக இருப்பதிலேயே தெரிந்துவிடும்.

வாசித்தவரின் சத்த ஏற்ற இறக்கத்தையும் திருப்பித் தரும் ஆம்பிகோ, டியோ-ஆர்ட் போன்ற ‘ரீபுரொட்யூசிங்’ ரோல்கள் 88 பியானோவில் ஓடும். ஆனால் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் துளைகள் ஓரங்களில் இருப்பதால், சாதாரணப் பியானோ அவற்றையும் சுரமென்று நினைத்துக் கட்டைவரிசையின் இரு கோடிகளிலும் சம்பந்தமில்லாமல் தட்டும். ரோல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

## 5. ரோலின் உடம்பைப் பாருங்கள்

முதல் இரண்டு மூன்று அடியை மட்டும் மேசையில் விரியுங்கள். ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். அந்தக் காலக் காகிதத்தில் அமிலம் அதிகம், பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். ஒரு மூலையைச் சற்று மடக்கிப் பார்த்தால் வளைய வேண்டும். ‘டிக்’ என்று உடைந்தால் அந்த ரோலை ஓட்டவே வேண்டாம். ஸ்கேன் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், காகிதம் போனாலும் இசை தங்கும்.

ஓரக் கிழிசல் சிறிதாக இருந்தால் இப்போதே ஒட்டுங்கள். டிராக்கர் பார்மேல் இழுபடும்போது அரை அங்குலக் கிழிசல் அரை அடியாகும். சாதாரண செலோடேப் மட்டும் வேண்டாம். சில வருடங்களில் அதன் பசை கசிந்து, அடுத்த சுற்றோடு ஒட்டி, பிரிக்கும்போது இரண்டையும் கிழிக்கும். பழைய ரோல்களில் நான் பார்க்கும் சேதத்தில் பெரும்பகுதி, முன்பு ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒட்டிய செலோடேப்பால் வந்ததுதான். ஆவண நாடாவிலும் துண்டு சிறியதாக இருக்கட்டும், எந்தத் துளையையும் மூடக் கூடாது.

மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து அகலத்தில் விரியும். சுருளின் இரு பக்கத் தட்டுகளுக்கு நடுவே இடம் போதாமல் ஓரம் மேலே சுருளும். அப்படி இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். ஈரம் குறைந்த நாளில் அதே ரோல் ஒழுங்காக ஓடும்.

## 6. மாட்டும் வரிசை

(அ) முதலில் லீவர்கள்: டெம்போ பூஜ்யம், ‘பிளே’ நிலை. காகிதத்தை மாட்டிய பிறகு லீவரைத் தேடினால் கை பட்டுக் காகிதம் இழுபடும்.

(ஆ) ரோலை மேலே வையுங்கள். ஒரு முனையில் சுருள்வில்லோடு உள்ளே அழுந்தும் பிடி இருக்கும், மறுமுனையில் பட்டையான காடி இருக்கும். வில் பக்கத்தை அழுத்தி, காடிப் பக்கத்தைப் பொருத்தி, மெல்லத் திருப்பினால் ‘களுக்’ என்று உட்காரும். அந்த ஓசை வராமல் விட்டால் ரீரோலில் சுருள் திரும்பாது.

(இ) காகிதத்தின் நுனியில் உள்ள வளையத்தைக் கீழ்ச்சுருளின் கொக்கியில் மாட்டுங்கள். கையால் கீழ்ச்சுருளை இரண்டு சுற்று சுற்றுங்கள். காகிதம் இரு பக்கத் தட்டுகளுக்கும் நடுவே நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். இப்போது ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டு முழுவதும் சாய்ந்தே போகும், அந்தப் பக்க ஓரம் கசங்கும்.

(ஈ) இப்போதுதான் டெம்போ லீவரை உங்கள் குறிக்கு நகர்த்துங்கள்.

ஓடத் தொடங்கியதும் பாட்டில் எல்லாச் சுரங்களும் பக்கத்துக் கட்டையில் விழுவதுபோல் கேட்டால், காகிதம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. ரோல் உட்காரும் ஸ்பூல் பெட்டியில் அதைச் சரிசெய்யும் திருகோ சிறு லீவரோ இருக்கும். துளைகளைப் பார்த்துத் திருப்புங்கள், காதை நம்பித் திருப்ப வேண்டாம். டார்ச் அடித்தால் காகிதத் துளைக்குள் பட்டைத் துளை முழுதாகத் தெரிகிறதா, பாதி தெரிகிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

## 7. யார் போட்ட துளை என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்

ரேக்டைம் ரோல்களில் இரண்டு பெரிய பிரிவு. ஒன்று, அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து, பென்சிலும் அளவுகோலும் வைத்து ஒருவர் துளைகளைக் குறித்தது. தாளம் கடிகாரம்போல் இருக்கும். மற்றது கையால் வாசித்தது. கலைஞர் வாசிக்க வாசிக்க, ஓடும் காகிதத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் கோடு விழும். பிறகு தொகுப்பாளர் அந்தக் கோடுகளைப் பார்த்து வெட்டுவார். முகப்பில் ‘பிளேய்ட் பை’ என்று பெயர் இருந்தால் இது.

ஆனால் கையால் வாசித்தது என்றதும் அந்தக் கை அப்படியே கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தொகுப்பாளர்கள் தாளத்தை நேராக்கினார்கள். தவறான சுரங்களை அடைத்தார்கள். இரண்டு கைக்கு எட்டாத இடங்களில் கூடுதல் சுரங்களைச் சேர்த்தார்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கம் சாதாரண 88 ரோலில் பதிவாகவே இல்லை.

இதற்குக் கேட்க வேண்டியவை ஜாப்ளின் 1916-இல் வாசித்த ரோல்கள். 1899-இல் அச்சான தன் ‘மேப்பிள் லீஃப் ரேக்’கை அந்த ஆண்டில் கானரைஸ்டு நிறுவனத்துக்கு ஒரு தடவையும், யூனி-ரெக்கார்டு என்ற வரிசைக்கு ஒரு தடவையும் வாசித்தார். கானரைஸ்டு ரோல் ஒழுங்காகவும் சேர்க்கைகளோடும் ஓடும். யூனி-ரெக்கார்டு ரோலில் தாளம் தடுமாறும். 1917 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார். இதை வாசித்தபோதே உடம்பு மோசமாகிவிட்டிருந்தது. அந்தத் தடுமாற்றத்தைப் பியானோ கோளாறு என்று நினைத்து லீவரைத் திருகாதீர்கள். என்னைக் கேட்டால், ஒழுங்கான ரோலைவிட இதைத்தான் மறுபடி மறுபடி கேட்பேன். ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிப்பது இதில்தான் தெரிகிறது.

## 8. முதல் தடவை கால், இரண்டாம் தடவை கை

முதல் ஓட்டத்தில் ஒரே சீராக மிதியுங்கள். இடது, வலது, இடது, வலது, மாடிப்படி மெதுவாக ஏறுவதுபோல. பாட்டின் தாளத்துக்கு மிதிக்காதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளத்துக்கும் காற்றழுத்தம் ஏறி, பாட்டு ‘தொம் தொம்’ என்று குதிக்கும். வேகத்தைத் தருவது காகிதம், காற்றைத் தருவதுதான் காலின் வேலை.

இன்னொன்றும் கவனியுங்கள்: வேகமாக மிதித்தால் பாட்டு வேகமாகாது, சத்தம்தான் கூடும். கவர்னர் நன்றாக இருக்கும் பியானோவில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் காகித வேகம் மாறாது. மாறினால் கவர்னரையோ காகிதத்தை இழுக்கும் காற்று மோட்டாரையோ பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஓட்டத்தில் கீழ்ச்சுரங்களையும் மேல்சுரங்களையும் தனித்தனியாகத் தணிக்கும் இரண்டு லீவர்களைத் தொடுங்கள். ரேக்டைமுக்கு என் பழக்கம்: இடக்கைப் பக்கத்தைத் தணித்து வைத்து, ஒரு பகுதி இரண்டாம் தடவை திரும்பி வரும்போது விடுவிப்பேன். முழுப் பாட்டும் ஒரே சத்தத்தில் ஓடினால் மூன்றாவது நிமிடத்தில் காது களைத்துவிடும்.

ஒரு சுரத்தை அழுத்திக் கேட்க வேண்டுமானால், அது பட்டைக்கு வரும் கணத்தில் ஒரு காலால் சட்டென்று ஒரு குத்து, உடனே பழைய சீர். துளை வருவதற்கு ஒரு நொடி முன்பே கால் தயாராக வேண்டும். காகிதம் மேலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கப் பழகுங்கள், என்ன வருகிறது என்று கண் முன்கூட்டியே சொல்லும். சில ரோல்களின் ஓரத்தில் இரண்டு பொடித்துளைகள் ஜோடியாக இருக்கும். பாம்புக்கடி என்றே சேகரிப்பவர்கள் சொல்வார்கள். மெட்டை எடுத்துக்காட்டும் வசதியுள்ள பியானோக்களுக்கான துளை அது. உங்கள் பியானோவில் அந்த வசதி இல்லாவிட்டாலும், எங்கே அழுத்த வேண்டும் என்று காலுக்குச் சொல்லும் குறியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

## 9. மூன்றாம் தடவை: மெதுவாக்கிக் கேளுங்கள்

கிராமபோன் தட்டை மெதுவாக்கினால் குரல் கட்டையாகும். ரோலை மெதுவாக்கினால் சுருதி மாறாது. காகிதம் மெதுவாக நகரும், ஆனால் கம்பிகள் அதே கம்பிகள்தான். ரோலின் ஆகப் பெரிய வசதி இது, பலர் பயன்படுத்துவதே இல்லை.

லீவரை 40-க்கு இறக்குங்கள். முதலில் கீழ்க்கட்டைகளை மட்டும் பாருங்கள். ஒற்றைச் சுரம், கூட்டுச்சுரம், ஒற்றைச் சுரம், கூட்டுச்சுரம் என்று இடக்கை நடந்துகொண்டே இருக்கும். அது மனதில் பதிந்ததும் பார்வையை வலப்பக்கம் கொண்டுபோங்கள். கட்டைகள் இடக்கைக்குச் சற்று முன்போ பின்போ தானே தாழும். மறுபடி 80-க்கு ஏற்றும்போது இரண்டும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் இளம் வயதில், பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’டை இப்படித்தான் கற்றார்: ரோலை மெதுவாக ஓட்டி, தாழும் கட்டைகளைப் பார்த்து.

பகுதிகளையும் எண்ணுங்கள். ‘மேப்பிள் லீஃப் ரேக்’ முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாம் பகுதி இரண்டு தடவை, மறுபடி முதல் பகுதி ஒரு தடவை, அப்புறம் மூன்றாவதும் நான்காவதும் இரண்டிரண்டு தடவை என்று போகும். உங்கள் ரோலில் ஒரு சுற்று குறைந்தால், நிறுவனம் நீளத்தைச் சுருக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ரேக்டைம் பாடல்களில், அதாவது பாடுவதற்கென்று எழுதியவற்றில், வரிகள் ரோலின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கும். காகிதம் மேலிருந்து கீழே வருவதால் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அந்தந்த அசை டிராக்கர் பாரைத் தொடும்போது பாட வேண்டும். முதல் தடவை பாடாமல் கண்ணால் மட்டும் தொடருங்கள், இல்லாவிட்டால் கால் சீர் தப்பும்.

வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பாட வைக்கும் முன் வரிகளை முழுதாகப் படித்துவிடுங்கள். 1890-களின் பின்பகுதியிலிருந்து வெளிவந்த ஆரம்ப ரேக்டைம் பாடல்களில் நிறைய, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வரிகள் கொண்டவை. இந்த இசையை உருவாக்கியவர்களே அவர்கள்தான். அந்த ரோல்களைக் காலத்தின் சாட்சியாக வைத்திருக்கலாம். குழந்தைகள் முன்னால் கூட்டாகப் பாடுவதற்கு அவை அல்ல.

## 10. திருப்பிச் சுற்றுவதும் எடுத்து வைப்பதும்

கிழிசல்களில் பாதி இங்கேதான் நடக்கிறது, பாட்டு முடிந்துவிட்டது என்று கவனம் போய்விடுவதால்.

கடைசிச் சுரம் முடிந்ததும் மிதிப்பதை முழுவதும் நிறுத்துங்கள். காகிதம் நின்ற பிறகே லீவரை ‘ரீரோல்’க்கு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் காகிதம் ஒரு நொடி இரு பக்கமும் இழுபடும். என் முதல் ரோல் கிழிந்தது அந்த ஒரு நொடியில்தான்: ஓரத்திலிருந்து மூன்று அங்குலம், ஒரு நீண்ட துளை வரிசை வழியாக, ‘சர்’ என்று.

ரீரோலில் மெதுவாக மிதியுங்கள். வேகமாகச் சுற்றினால் காகிதம் ஒரு பக்கம் ஒதுங்கித் தட்டில் உரசும். முடிவு நெருங்கும்போது இன்னும் மெதுவாக்கி, வளையம் கொக்கியிலிருந்து விடுபடும் நேரத்தில் காலை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நுனி சுழன்று பெட்டியின் மரத்தில் பட் பட்டென்று அடிக்கும். பழைய ரோல்களின் நுனிகள் எல்லாம் கந்தலாகக் கிடப்பது அதனால்தான்.

சுருள் தளர்ந்திருந்தால் நுனியைப் பிடித்து இழுத்து இறுக்கும் பழக்கம் வேண்டாம். சுற்றுகளுக்கு நடுவே உள்ள தூசி உப்புத்தாள்போல் தேய்க்கும். மறுபடி மாட்டி, ஒரு தடவை மெதுவாக ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள்.

நுனியை ஒட்டாமல், ரப்பர் பேண்ட் போடாமல், மெல்லிய துணி நாடாவால் தளர்வாகச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ரப்பர் காலப்போக்கில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய அட்டைப்பெட்டி உடைந்திருந்தாலும் அதன் முகப்புத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எண், டெம்போ, வாசித்தவர் பெயர் எல்லாம் பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும். எந்தத் தேதியில் ஓட்டினீர்கள், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டீர்கள், எந்த வேகத்தில் நன்றாகக் கேட்டது என்று ஒரு சிறு சீட்டில் பென்சிலால் எழுதி, பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்.